ஹார்ட் நின்னுடுச்சு

வலது கை உள்ளே போகவில்லை.

மாதுரி தன் அக்கா ரஞ்சனாவின் முழங்கையை மடக்கிப் பிடித்திருந்தாள். கிரிஜா ரவிக்கையின் கைப்பகுதியை இரண்டு விரலால் அகலப்படுத்திக்கொண்டு மேலே ஏற்றினாள். பட்டு முழங்கையைத் தாண்டி ஏறியது. தோளுக்குக் கீழே நின்றுவிட்டது. இழுத்தாள். தையல் ஒன்று பட்டென்று விட்டது.

"உப்பிப்போயிருக்கா. தண்ணி ஏறி," என்றாள் கிரிஜா. சொன்னதும் உதட்டை மடித்துக்கொண்டாள்.

கால்மாட்டில் நின்று புடவைக்குக் கொசுவம் எடுத்துக்கொண்டிருந்த நிரஞ்சனி நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்துப் பெண். இந்த நாட்டில் கிரிஜாவுக்கு முதலில் கிடைத்த தோழி. மற்ற எல்லாரிடமும் சொன்னதைத்தான் அவளிடமும் சொல்லியிருந்தார்கள். ரஞ்சனா லீவில் நோவா ஸ்கோஷியா போயிருந்தாள், கடற்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தாள், ஹார்ட் அட்டாக்.

"என்ன தண்ணி அக்கா?"

"கெடாம இருக்க ஏதோ மருந்து ஏத்துவாங்கள்ல. அத சொன்னேன்."

"ஓம்," என்றாள் நிரஞ்சனி. மறுபடி கொசுவத்தைப் பிடித்தாள். அவள் அதை நம்பவில்லை. நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

மாதுரிக்குப் பொறுக்கவில்லை.

"உப்பலெல்லாம் இல்லம்மா. அது அவ தோளு."

மாதுரியின் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை அது. அதற்குப் பிறகு ரஞ்சனா பட்டு கட்டியதில்லை. அந்த வருடங்களில் அவள் அலைச்சறுக்குப் பலகையின் மேல் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் மொன்றியல் ஆற்றிலேயே, கற்களின் மேல் தண்ணீர் எழும்பி ஒரே இடத்தில் நிற்கும் அந்த அலையில். பிறகு கடலில். தோள் இரண்டும் படகோட்டியின் தோள்போல ஆகியிருந்தன. யாரும் கவனிக்கவில்லை. குளிர்காலக் கோட்டுக்குள் யாருடைய தோளும் தெரிவதில்லை.

கிரிஜா மகளின் தோளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சந்தையில் எதையோ எடை பார்ப்பவள்போல அழுத்தினாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்ளோ தோளு."

மாதுரி வெளியே போய் ஃபியூனரல் ஹோம் ஊழியரிடம் கத்தரிக்கோல் வாங்கி வந்தாள். ரவிக்கையின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். பட்டு வெட்டுப்படுகிற சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் எதையாவது வெட்ட வேண்டும்போல இருந்தது.

இரண்டு பாதியாக முன்பக்கமிருந்து போட்டு முதுகுக்கடியில் செருகினார்கள். முழங்கைவரை வரும் ரவிக்கையைத்தான் அப்பா எடுத்துவரச் சொல்லியிருந்தார். மேல்கையில் கல் உரசிய நீலம் மறைந்துவிட்டது. கழுத்தில், குளிர்நீரில் இறங்கப் போடும் ரப்பர் உடை வருடக்கணக்காக அரைத்த தடிப்பை மாலை மறைத்துக்கொள்ளும். வலது கணுக்காலைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் இருந்தது. நிரஞ்சனி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, புடவையை இன்னும் இரண்டு விரற்கடை கீழே இழுத்துவிட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் அப்பா ஜெயசங்கர் ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பொறியியல் சொல்லிக்கொடுத்தவர். குரல் வகுப்பறைக் குரல். என்ன சொல்கிறார் என்பது தாழ்வாரத்தின் கடைசிவரை கேட்டது.

"ஹார்ட். வாக்கிங் போயிருந்தா. வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொல்றாங்க. மாதுரியே ஹார்ட் டாக்டர்தான, அவகிட்டதான் மொதல்ல பேசினாங்க."

மாதுரி சுவரோரம் நின்று கேட்டாள். அந்த வார்த்தை அவளுடையதுதான். ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தபோது அவள் டியூட்டியில் இருந்தாள். பிறகு அப்பாவை அழைத்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரோ ஒரு குடும்பத்திடம் சொல்கிற வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. ஹார்ட் நின்னுடுச்சுப்பா, எவ்வளவோ முயற்சி பண்ணாங்க. முதலில் அதைச் சொல்ல வேண்டும், கேட்பவர் உட்கார்ந்த பிறகு மற்றதைச் சொல்ல வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஜெயசங்கர் மற்றதைக் கேட்கவில்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டார். பனியில் காரை ஓட்டி அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் சென்னைக்குச் சொல்லியாகிவிட்டது, கோயிலுக்குச் சொல்லியாகிவிட்டது, பல்கலைக்கழகத்துப் பழைய சகாக்களுக்கு ஈமெயில் போய்விட்டது.

அவள் முழுவதையும் சொன்னாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி கேட்டார். அது நமக்குள்ள இருக்கட்டும் என்றார்.

"ஹார்ட் நிக்காம யாராவது செத்திருக்காங்களாப்பா?"

"நீ சொன்னதத்தான் நான் சொன்னேன்."

அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. கிரிஜா யாருக்கும் எதுவும் சொல்லாமல் அடுப்படியில் நின்று பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே தேய்த்தாள்.

அப்பாவின் கோபம் பழையது. புயல் வராவிட்டால் அந்தக் கடற்கரையில் ஒன்றும் கிடையாது என்று ரஞ்சனா ஒருமுறை சாப்பாட்டு மேசையில் விளக்கியிருந்தாள். குளம்மாதிரி கிடக்கும். ஒரு புயல் கரையைத் தொடாமல் வெளியே கடலோடு போக வேண்டும். அப்போது ஒரு நாள், சில சமயம் அரை நாள், கல் கரையோரமாக அலை ஒழுங்காக உருண்டு வரும். பிறகு பழையபடி குளம். அதனால் நாள் குறித்துப் போக முடியாது. மொன்றியலில் எல்லாரும் பனிப்புயல் செய்தி வந்தால் பால் வாங்கி வைப்பார்கள். ரஞ்சனா பலகையைக் கார் கூரையில் கட்டுவாள். லொங்குய்யில் இருந்த தன் ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு இரவெல்லாம் ஓட்டுவாள். தண்ணீரில் ஐஸ் மிதக்கும். கண்ணும் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிய, மீதியெல்லாம் ரப்பருக்குள்.

ஜெயசங்கரின் பீமரத சாந்தியன்று ஒரு புயல் வந்தது. எழுபது வயது. கோயில் மண்டபம் நிறைய ஆட்கள், டொரொன்டோவிலிருந்து நாகஸ்வரம். முந்தின நாள் ரஞ்சனா கிளம்பிவிட்டாள். கலச நீரை அப்பா அம்மா தலையில் ஊற்ற மாதுரி மட்டும் நின்றாள். மூத்தவ எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெயசங்கர் ஈரத் தலையோடு ஆபீஸ் வேலை என்று சொன்னார். பொய் சொல்ல அவருக்கு அன்றைக்குத்தான் பழக்கமானது.

மாதுரிக்கும் கோபம்தான். அவளுடைய கோபத்துக்கு ஒரு இடம் இல்லை. பொய் சொல்கிற அப்பாமேல். சும்மா இருக்கிற அம்மாமேல். பெட்டிக்குள் படுத்திருக்கிறவள்மேல் எல்லாரையும்விட அதிகமாக. ஆஸ்பத்திரியில் அவள் பார்க்கிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக இருக்க எதையும் கொடுப்பார்கள். இவள் அதை ஒரு பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜெயசங்கர் கூட்டத்திலிருந்து விலகி அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு வந்திருக்கு. வர வேண்டாம்னுதான் சொன்னேன். காப்பி ரூம்ல உக்கார வை. மூஞ்சியப் பாத்தா ஆளாளுக்குக் கேப்பாங்க."

செலீன் வாசலிலேயே நின்றாள். பூட்ஸிலிருந்து பனி உருகிப் பாயில் இறங்கிக்கொண்டிருந்தது. கார்ட்டியர்வில்லில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். புயலுக்குப் போகும்போதெல்லாம் ரஞ்சனாவோடு மாற்றி மாற்றிக் கார் ஓட்டுகிறவள். தாடையின் கீழே தையல். மேலுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. கை விரல் நகங்களில் பாதி கறுத்திருந்தன.

மாதுரி அவளைக் காப்பி அறைக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். பார்க்கலாமா என்று செலீன் பிரெஞ்சில் கேட்டாள். பிறகு என்றாள் மாதுரி. பிறகு எப்போது என்று அவள் கேட்கவில்லை.

வானிலை அறிக்கை பார்த்தீர்கள்தானே என்று மாதுரி கேட்டாள். பார்த்தோம் என்றாள் செலீன். எவ்வளவு பெரியது என்று தெரியும்தானே. தெரியும். தெரிந்துதான் போனீர்கள். ஆமாம்.

அழுதிருந்தால், மன்னிப்புக் கேட்டிருந்தால், ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் ஆமாம் என்றாள். மாதுரி மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். நீ மட்டும் எப்படித் திரும்பி வந்தாய் என்று கேட்டாள். தான் கேட்டது அவள் காதிலேயே விழுந்தது.

தெரியவில்லை என்றாள் செலீன்.

பிறகு அவளாகவே பேசினாள். உன் அப்பா ஃபோனில் சொன்னார், நடந்துகொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். அவர் மகள், அவர் விருப்பம். இதயம் என்று சொல்லட்டும், கடற்கரை என்று சொல்லட்டும். தனியாக என்று மட்டும் சொல்ல வேண்டாம். அவள் தனியாக இல்லை.

மாதுரி எழுந்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தேவைக்கு மேல் சத்தமாகச் சாத்தினாள்.

கூடத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பேராசிரியர்கள், அவர்கள் மனைவிகள், கோயில்காரர்கள், ரஞ்சனாவின் ஆபீசிலிருந்து பனிக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த நாலைந்து பேர். நடுவில் பெட்டி திறந்திருந்தது. மாம்பழப் பட்டு, நெற்றியில் சாந்து. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பாவம், பக்கத்துல ஒருத்தர்கூட இல்லாம. ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாம. ஒரு மாமி மாதுரியின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணம் பண்ணியிருந்தா கூட ஒரு துணையாவது இருந்திருக்கும் என்றாள். மாதுரி கையை உருவிக்கொண்டாள். பெட்டிக்குள் இருக்கும் முகத்தைப் பார்த்தாள். வெயிலே இல்லாத குளிர்காலத்தில் மூக்கும் கன்னமும் மட்டும் கறுத்துப்போன முகம். கண் மூக்கு வாய். மீதி வெளுப்பு. அது எப்படி வந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஐயர் வந்தார். டவுன்டவுனில் ஒரு வங்கியில் கணினி வேலை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்து, வேட்டியைச் சரிசெய்து, தாம்பாளத்தில் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்தார். நேரம் குறைவு, பின்னால் எரியூட்டும் அடுப்பை இன்னொரு குடும்பத்துக்கும் விட வேண்டும் என்றார். ஜெயசங்கர் பூணூலில்லாத தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் சொன்னார்.

"எப்படி ஆச்சு சார்? ஜலத்துல, அக்னில, வண்டியில அடிபட்டு, அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?"

விமான நிலையத்தில் பையில் கத்தி இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். பதிலுக்கு முன்பே தர்ப்பையை முறுக்க ஆரம்பித்திருந்தார்.

"இல்ல. ஹார்ட்."

"சரி. டாக்டர் மேடம் இருக்காங்களே, அவங்களுக்குத் தெரியாததா." ஐயர் அவளைப் பார்த்து, ஆமோதிப்பை வாங்கிக்கொள்ளத் தலையை அசைத்தார்.

ஜெயசங்கரும் பார்த்தார். கிரிஜா பார்க்கவில்லை. மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஜலத்துல," என்றாள் மாதுரி.

ஐயரின் கை நின்றது.

"மாதுரி," என்றார் ஜெயசங்கர்.

"தண்ணியில போனா. கடல்ல. அலையில ஏறி வெளையாடுறதுக்குப் போனா. தனியா இல்ல. செலீன் கூட இருந்தா. ரெண்டு தடவ உள்ள போய்த் தேடி இழுத்துட்டு வந்தது அவதான். அவள நீங்க காப்பி ரூம்ல ஒளிச்சு வச்சிருக்கீங்க."

கூடத்தில் தலைகள் எல்லாம் திரும்பின. நிரஞ்சனி மட்டும் தலையைக் குனிந்து, ஏற்கெனவே ஊகித்ததைக் கேட்டவள்போல உட்கார்ந்திருந்தாள்.

ஜெயசங்கர் எழுந்தார். துண்டு நழுவியது. அதைப் பிடிக்கவில்லை.

"என்னைய என்ன சொல்லச் சொல்ற? நாப்பத்தோரு வயசுல வெளையாடப் போய்ச் செத்தான்னா? எத்தன பேர்கிட்ட சொல்றது அத? எந்த மூஞ்சிய வச்சுகிட்டு?"

"இந்த மூஞ்சிதாம்பா. இருக்கிறது இது ஒண்ணுதான்."

அவர் கை ஓங்கியது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே விட்டார். மாதுரி நகரவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள்.

ஐயர் தொண்டையைச் செருமினார். தாழ்ந்த குரலில், மன்னிப்புக் கேட்பதுபோல, ஜலத்துல ஆனா அது துர்மரணம் சார் என்றார். சங்கல்பம் வேற. முன்னாடி ஒரு பிராயச்சித்தம் உண்டு. பிற்பாடு நாராயண பலின்னு ஒண்ணு பண்ணணும், அத நாள் பார்த்து வச்சுக்கலாம். இன்னிக்குக் கொஞ்சம் கூட நேரமாகும். உள்ள போய் ஃபியூனரல் ஹோம்காரங்ககிட்ட பேசணும்.

"பண்ணுங்க. என்ன வேணா பண்ணுங்க," என்றார் ஜெயசங்கர். வாசல்வரை போனார். கோட்டு இல்லாமல் வெளியே போக முடியாது. கண்ணாடிக் கதவருகே, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஐயர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். தர்ப்பையைப் பிரித்து வேறு விதமாக முறுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் கிரிஜா வாயைத் திறந்தாள்.

"அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா."

மாதுரி போய்க் கூட்டிவந்தாள். கூடமே செலீனின் முகத்தைப் பார்த்தது. கிரிஜா பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள். செலீன் உட்கார்ந்தாள். கிரிஜா அவளுடைய கறுத்த நகங்களைப் பார்த்தாள்.

"கேளு. என்ன நடந்துச்சுன்னு. ஒண்ணு விடாம சொல்லச் சொல்லு."

செலீன் சொன்னாள். மாதுரி தமிழாக்கினாள். ஒரு வாக்கியம் அவள், ஒரு வாக்கியம் இவள். காலையில் அலை நன்றாக இருந்தது, ரஞ்சனா நிறையப் பிடித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். போகலாம் என்று நான் சொன்னேன், இன்னும் ஒன்று என்றாள். அதில் விழுந்தாள். பலகையைக் காலோடு கட்டும் கயிறு தண்ணீருக்குள் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நான் போனேன். தடித்த கையுறையோடு கயிறு பிடிபடவில்லை. அலை என்னைக் கல்லில் அடித்து வெளியே தள்ளியது. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு மறுபடி போனேன். இரண்டாம் தடவை அவிழ்ந்தது. அப்போது தாமதமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது.

'என் மடியில்' என்பதை மாதுரி அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். கோபம் குறையவில்லை. அது அவளுக்குள் அதே இடத்தில் அதே சூட்டோடு இருந்தது. வார்த்தைகள் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போயின.

"ஏதாச்சும் சொன்னாளா?" என்றாள் கிரிஜா. "கேளு."

செலீன் யோசித்தாள். கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அதற்கு முன்னால் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள். அவள் எனக்கு முன்னால் தூரத்தில் உட்கார்ந்திருப்பாள், பெரிய அலை தெரிந்ததும் திரும்பிக் கத்துவாள். அந்த அலைக்கும் கத்தினாள். காற்றில் எனக்கு நன்றாகக் கேட்டது. உங்கள் மொழி.

"வஹுது," என்றாள் செலீன்.

மாதுரி அதைத் தமிழாக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

செலீன் நேரே கிரிஜாவைப் பார்த்துக் கேட்டாள். உங்கள் மொழியில் அலைக்கு அதுதானே பெயர்? நாங்கள் இருவரும் இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்கிறோம். இன்றைக்குப் பெரிய வஹுது, நாளைக்குச் சின்ன வஹுது என்று.

இதை மாதுரி மொழிபெயர்த்தாள். கண்ணாடிக் கதவருகே ஜெயசங்கர் திரும்பினார். முப்பது வருடம் தவறுகளைத் திருத்திய வாய்.

"அது அலை இல்ல. அதுக்கு அர்த்தம்—"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் கிரிஜா. திரும்பிப் பார்க்கவில்லை.

செலீனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது.

"வீ," என்றாள். ஆமாம்.

பிறகு தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். நாக்கு நுனியை மேலே தூக்கி, தொட்டும் தொடாமலும் விட்டாள்.

"வருது. ரு."

"வஹுது."

"தொண்டையில இல்லம்மா. இங்க. ரு."

செலீன் தடித்த உதட்டைக் கையால் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மறுபடி முயன்றாள். ஐயர் புதுத் தர்ப்பையைக் கையில் வைத்தபடி காத்திருந்தார்.